அசையும் கணுக்கால்

ஃபர்சானாவின் இடது கால் மீது மின்விசிறிக் காற்று படக் கூடாது. போர்வை படக் கூடாது. ரயிலில் பக்கத்தில் நிற்பவரின் பை உரசக் கூடாது. பட்டால் எரியும். கொதிக்கும் எண்ணெய் தெறித்ததைப் போல என்று ஆரம்பத்தில் டாக்டர்களிடம் சொல்வாள். பிறகு உவமை சொல்வதை விட்டுவிட்டாள். எரியும், அவ்வளவுதான்.

பார்ப்பதற்கு அந்தக் காலில் ஒன்றும் இல்லை. சில நாள் சிவந்து வீங்கும். சில நாள் நீலம் பாயும். மற்ற நாட்களில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் சாதாரணக் கால். ஆறு ஆண்டுகளுக்கு முன் மழையில் நடைபாதையிலிருந்து இறங்கும்போது சறுக்கிக் கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். எலும்பு கூடியது. வலி போகவில்லை. காயம் ஆறிய பிறகும் நரம்புகள் ஓயாமல் தவறான செய்தி அனுப்பும் நோய் இது என்றார்கள். அதற்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. ஃபர்சானா அந்தப் பெயரை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பயண முகவர் கடையில் வேலை. திருச்சிக்கும் சென்னைக்கும் டிக்கெட் போடுவாள், உம்ரா யாத்திரை போகிறவர்களுக்கு விசா பார்ப்பாள். கவுண்டருக்குக் கீழே கவிழ்த்து வைத்த அட்டைப்பெட்டி மேல் கால் இருக்கும். மேலே முகம் சிரிக்கும். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் வருகிறவர்களிடம் வலி தெரியும் முகத்தைக் காட்டினால் அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்பது அவள் அனுபவம். ஊன்றுகோல் கதவுக்குப் பின்னால் நிற்கும்.

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறாள். பெருநாளன்று பள்ளிவாசலிலும் அப்படித்தான். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். முடியுமா முடியாதா என்பது தொழுபவருக்குத் தெரியும். அங்கே யாரும் அவள் காலை அளந்து பார்த்ததில்லை.

காலையும் மாலையும் கால் பயிற்சி. முதலில் பஞ்சு, பிறகு பட்டுத்துணி, பிறகு சொரசொரப்பான துண்டு என்று ஒவ்வொன்றாகத் தோலில் தேய்க்க வேண்டும். பின்பு அதே துண்டைப் பாதத்துக்கு அடியில் கொடுத்து இரண்டு கைகளாலும் இழுத்துக் கணுக்காலை மடக்க வேண்டும். கடைசி அழுத்தத்துக்கு அவள் கணவன் ரமீஸ் வருவான். வலிக்கிறது என்று அசைக்காமல் விட்டால் மூட்டு பூட்டிக்கொள்ளும், பிறகு திறக்காது என்று மருத்துவமனையில் ஒரு பெண் முதல் வாரமே சொல்லிவிட்டாள். ஃபர்சானா ஒரு நாளும் விட்டதில்லை. நோன்பு நாளிலும், காய்ச்சலிலும், மாமியார் இறந்து மையத்து வீட்டிலிருந்து போன அன்றும் செய்தாள்.

மேசைப்பந்து அவள் பள்ளிக்கூட நாட்களில் ஆடிய ஆட்டம். கல்யாணத்துக்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. கால் முறிந்த பிறகுதான் மறுபடி தொட்டாள். ஈசூனில் அவள் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஆடுவாள். அதைப் பார்த்த கேசவன் என்ற பயிற்சியாளர் காலாங் பக்கம் உடற்குறை உள்ளவர்கள் ஆடிப் பழகும் கூடத்துக்கு அவளை அழைத்துப்போய் ஒரு சக்கரநாற்காலியைக் கொடுத்தார். பந்து வந்துகொண்டிருக்கும் நேரத்தில் வலி இரண்டாம் இடத்துக்குப் போனது. அது போதும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஜெயிக்க ஆரம்பித்த பிறகு அது போதவில்லை.

இரட்டையர் ஆட்டத்தில் ரோஷினி அவளுக்கு ஜோடி. மார்சிலிங்கில் இருக்கிறாள். காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசியில் பேசும் வேலை. பத்தொன்பது வயதில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வாய்க்கு மட்டும் பிரேக் இல்லை. உள்ளூர் நட்பாட்டங்களில் இருவரும் எல்லோரையும் தோற்கடித்தார்கள். அடுத்தது பக்கத்து நாடுகள் சேர்ந்து ஆடும் வட்டாரப் போட்டி, வெளிநாட்டில். அதற்கு ஃபர்சானாவுக்கு ஒரு வகுப்பு எண் வேண்டும்.

உடற்குறை உள்ளவர்களின் போட்டிகளில் எவரும் சும்மா வந்து ஆட முடியாது. உடம்பைச் சோதித்து, குறை எந்த அளவு என்று பார்த்து, எண் கொடுப்பார்கள். அதே எண்காரர்களோடுதான் ஆட்டம். எண் இல்லாவிட்டால் பதிவாகும் ஆட்டமே கிடையாது. கூடத்தில் இதைப் பற்றி முணுமுணுப்பு இருந்தது. “அந்த அக்கா மேட்ச் முடிஞ்சா எழுந்து நடந்து போயிடும்” என்று ஒருவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. எண் வந்துவிட்டால் இந்தப் பேச்சு நிற்கும் என்று நம்பினாள்.

சோதனை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு மருத்துவர், ஒரு உடற்பயிற்சிச் சிகிச்சையாளர். மரியாதையானவர்கள். அவள் கொண்டுவந்த மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றையும் படித்தார்கள். பிறகு படுக்கச் சொன்னார்கள்.

“என் கையைத் தள்ளுங்கள். எவ்வளவு முடியுமோ அவ்வளவு” என்றார் மருத்துவர்.

இந்த ஊரில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தேர்வு என்றால் ஒன்றுதான் தெரியும். அதிகம் எடுக்க வேண்டும். ஃபர்சானா தள்ளினாள். மருத்துவரின் கை பின்னால் போனது. மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று சொன்ன பக்கமெல்லாம் தள்ளினாள். பிறகு கோணம் அளக்கும் கருவியை வைத்துக் கணுக்காலை மடக்கினார்கள். கால் எரிந்தது. “நிறுத்தவா?” என்று மருத்துவர் கேட்டார். கவுண்டரில் சிரிக்கும் சிரிப்பு தானாக வந்தது. “பரவாயில்லை, செய்யுங்கள்” என்றாள். கணுக்கால் முழுதாக மடங்கியது.

இருவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். தகுதி இல்லை என்றார்கள். தசையில் பலம் குறையவில்லை, மூட்டு இறுகவில்லை.

“எனக்கு வலிக்கிறது” என்றாள் ஃபர்சானா.

“வலி இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் வலியையும் இன்னொருவர் வலியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களிடம் வழி இல்லை. அளக்க முடியாததை வைத்து வகுப்பு பிரிக்க முடியாது. அதனால் வலி மட்டும் இருந்தால் விதிகள் ஏற்பதில்லை. உடல்நிலை மாறினால் மறுபடி வரலாம்.”

மருத்துவர் நியாயமாகப் பேசினார். அவள் கோபத்துக்குப் பிடி கிடைக்கவில்லை.

வெளியே கேசவனின் வேனில் ரோஷினி காத்திருந்தாள்.

“எப்படிக்கா?”

“எல்லாத்துலயும் அஞ்சுக்கு அஞ்சு.”

“அப்படின்னா?”

“அப்படின்னா இல்லைன்னு அர்த்தம்.”

ரோஷினி அவள் ஊன்றுகோலை வாங்கி உள்ளே வைத்தாள். “ஃபுல் மார்க் வாங்கி ஃபெயிலான ஒரே ஆளு நீங்கதான் லா.”

“வலிக்குது, நிறுத்துங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றார் கேசவன்.

“நிறுத்தவான்னு கேட்டாங்க சார். நான்தான் வேணாம்னேன்.”

“ஏம்மா?”

“பழக்கம்.”

கேசவன் வண்டியை எடுத்தார். சிக்னலில் நின்றபோது, “நிறுத்தியிருந்தாலும் இதே பதில்தான். வலி அவங்க லிஸ்ட்லயே இல்ல” என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

அந்த வாரம் ஃபர்சானா கேசவனுக்கு போன் செய்தாள். பட்டியலில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். அவர் படித்துக் காட்டினார். அவள் ஓர் இடத்தில் நிறுத்தி, மூட்டு நிரந்தரமாக இறுகிப்போவதா, அது உண்டா என்று கேட்டாள். உண்டு என்றார். எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது அவள் போனை வைத்துவிட்டிருந்தாள்.

வேலை முடிந்து ரோஷினி டன்லப் ஸ்திரீட்டுக்கு வந்தாள். கடைக்கு இரண்டு வாசல் தள்ளியிருந்த சாப்பாட்டுக்கடையில் இருவரும் தே தாரே என்ற நுரைத்த பால்தேநீர் குடித்தார்கள்.

“பூட்டிக்கிட்டா எடுத்துக்குவாங்க” என்றாள் ஃபர்சானா.

“எது?”

“கணுக்கால். நான் தினம் மடக்கறதாலதான் அது மடங்குது. விட்டேன்னா தானா இறுகிடும். அப்ப அளக்கலாம்ல? அளக்க ஏதாவது வேணும்னுதானே கேக்கறாங்க.”

ரோஷினி கரண்டியால் தேநீரைக் கலக்கினாள். அதில் கலக்க ஒன்றும் இல்லை. வட்டாரப் போட்டிக்குப் போகத்தான் அவளும் இரண்டு ஆண்டுகளாக ஆடியிருக்கிறாள். ஜோடி இல்லாமல் அவளாலும் போக முடியாது. அவள் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஃபர்சானா துண்டை எடுக்கவில்லை.

ரமீஸ் பஸ் கேப்டன், அதாவது பேருந்து ஓட்டுநர். விடியற்காலை ஷிஃப்ட் முடித்து வந்து, சீருடையைக் கழற்றாமல் அவள் காலைப் பிடித்துவிட்டுத்தான் குளிக்கப் போவான். இரண்டு மூன்று நாள் அவள் ஏதோ சாக்கு சொன்னாள். பிறகு அவன் துணிக்கம்பியில் காய்ந்துகொண்டிருந்த துண்டைப் பார்த்தான்.

“என்ன, டவல் லீவுல இருக்கு?”

“கொஞ்ச நாளைக்கு மச்சான்.”

“கொஞ்ச நாளைக்குன்னா?”

“பூட்டற வரைக்கும்.”

அவள் விளக்கிச் சொன்னாள்.

“எங்க குடும்பத்துல எவனும் பொண்டாட்டி காலைப் புடிச்சதில்ல. எங்க அண்ணனுங்க இன்னும் சிரிக்கிறானுங்க. ஆறு வருஷம் புடிச்சேன். எல்லாம் சும்மாவா?”

ஃபர்சானாவுக்குச் சிரிப்பு வந்தது. “கோவமா?”

“கோவமில்ல. கால் உன்னோடது. பூட்டிக்கிட்டா வலி போயிடுமா?”

“போகாது. கூடும்னுதான் சொல்றாங்க.”

“அப்ப என்னதான் கிடைக்கும்?”

“நம்பர் கிடைக்கும்.”

அவன் குளிக்கப் போனான். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் வழக்கத்தை விட நேரம் கேட்டது.

கால் சீக்கிரமே இறுக ஆரம்பித்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது பாதம் மரப்பலகை போலத் தரையில் பட்டது. ரயில் நிலையப் படியோரத்தில் முன்பு இல்லாத தயக்கம் வந்தது. ஃபர்சானா இவற்றைக் கவனித்தாள், பயப்படவில்லை. தொடங்கியதை முடிக்கிற பெண். கடையில் ஒரு பயணி இரண்டு மாதம் முன்னால் பதிந்த டிக்கெட்டை ரத்து செய்ய வந்தபோது, இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் விடுகிறீர்கள் என்று அவரிடம் வாதாடினாள். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார். மன்னிப்புக் கேட்டாள்.

சனிக்கிழமை ரோஷினியிடமிருந்து குரல்செய்தி வந்தது. “நாளைக்குக் காலைல வீட்டுக்கு வாங்க. சீக்கிரம் வாங்க. பசியாற இங்கதான்.”

மார்சிலிங் வீட்டில் ரோஷினி இன்னும் படுக்கையில் இருந்தாள். அந்த வீட்டில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் யானி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரோஷினியின் வலது பாதத்தைத் தன் உள்ளங்கையால் தாங்கி மேல்நோக்கி மடக்கிக்கொண்டிருந்தாள். போனில் ஏதோ மலாய்ப் பாட்டு. பாட்டின் தாளத்துக்குப் பாதம் மடங்கியது. ரோஷினி அதைக் கவனிக்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“உட்காருங்கக்கா. இன்னும் இடது பாக்கி இருக்கு.”

“இது தினமுமா?”

“தினமும். எனக்கு ஒண்ணும் தெரியாது. யானி காலைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாலும் தெரியாது.”

“அப்புறம் எதுக்கு?”

“பூட்டிக்கிட்டா செருப்பு மாட்டாது. நாற்காலி மிதியில நிக்காது. புண்ணு வரும்.” யானி இடது காலுக்கு மாறினாள். “இது பூட்டினாலும் பூட்டாட்டியும் எனக்கு அதே நம்பர்தான். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஆனாலும் மடக்கறோம். ஒண்ணுமே தெரியாத காலை நான் மடக்கறேன். நீங்க எல்லாம் தெரியற காலை விட்டுட்டு உட்கார்ந்திருக்கீங்க.”

“உனக்காகவும்தான் விட்டேன்.”

“தெரியும். அன்னிக்கு டீக்கடையில நான் வாயைத் திறக்கலையே, அது ஏன்னும் உங்களுக்குத் தெரியும்.” ரோஷினி தலையணையைச் சரிசெய்து நிமிர்ந்தாள். “அதனால கேசவன் சார்கிட்ட வேற பார்ட்னர் கேட்டுட்டேன். நம்ம கூடத்து அஃப்னா.”

“அஃப்னாவா? அந்தப் பொண்ணுக்கு பேக்ஹேண்டே வராதே!”

“வர வைக்கணும்.”

“என்னை ஒரு வார்த்தை கேக்கல.”

“கேட்டா நீங்க காலைப் பூட்டிக்கிட்டு வந்து நிப்பீங்க.”

யானி இருவரையும் பார்த்துவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தாள். ஃபர்சானா பசியாறவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மின்தூக்கி வரும் வரைக்கும் உள்ளேயிருந்து ரோஷினியின் குரல் கேட்டது. “நாசி லெமாக் ஆறிடும்கா!” அவள் திரும்பவில்லை.

ரயிலில் முன்னுரிமை இருக்கையில் உட்கார்ந்தாள். எதிரே நின்ற ஒரு பெரியவர் அவள் காலைப் பார்த்தார், ஊன்றுகோலைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார். அவரைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. அட்மிரல்டி வரை ரோஷினி மீது கோபம். செம்பவாங்கில் அஃப்னாவின் பேக்ஹேண்டை எப்படித் திருத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பதைத் தானே கண்டுபிடித்தாள். ஈசூனில் இறங்கும்போது வேறொரு கேள்வி இருந்தது. நடைமேடையில் நின்றபடியே கேசவனைக் கூப்பிட்டாள்.

“சார், நின்னுக்கிட்டுதான் ஆடணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

“எதுலம்மா?”

“சாதாரண ஆட்டத்துல. சமூக மன்றங்க நடத்தற லேடீஸ் லீக் இருக்குல்ல, அதுல.”

பின்னால் வந்த ரயில் போய்விட்டது.

“பாத்துட்டு சொல்றேன்.”

வீட்டுக்கு வந்து துண்டை எடுத்தாள். பாதம் பாதி தூரம்கூட வரவில்லை. ரமீஸ் வந்து எதிரே உட்கார்ந்தான்.

“லீவு முடிஞ்சுதா?”

“பேசாம புடிங்க மச்சான்.”

அவன் பிடித்தான். அவள் அன்று வாய்விட்டுக் கத்தினாள். அடுத்த வீட்டுச் சீனப் பெண் மிஸ்ஸி தே கதவைத் தட்டி எல்லாம் சரிதானா என்று கேட்டுவிட்டுப் போனாள். பழைய இடத்துக்கு வரக் கால் நிறைய நாள் எடுத்துக்கொண்டது. கொஞ்சம் வரவே இல்லை. பாதம் முன்பு மடங்கிய கடைசி அளவுக்கு இப்போது மடங்குவதில்லை. அந்தக் கொஞ்சத்தை எவரும் குறையாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

கேசவன் கூப்பிட்டார். “எழுதல. அந்த லீக் விதிகளை ரெண்டு தடவை படிச்சேன். எழுதின ஆளுக்கு, ஒருத்தர் உட்கார்ந்து ஆட வருவாங்கன்னு தோணவே இல்ல போல. ஆனா ஒண்ணு. வீல்சேர் ஆட்டத்துல சர்வீஸ் பந்து பக்கவாட்டுல வெளிய போச்சுன்னா மறுபடியும் போடணும். இங்க அந்தப் பாதுகாப்பு கிடையாது. சைடுல போட்டே சாகடிப்பாங்க.”

“போடட்டும் சார்.”

போட்டி செங்காங்கில் ஒரு சமூக மன்றத்தின் பல்நோக்கு மண்டபத்தில் நடந்தது. ஈசூன் அணியின் பெயரில் ஃபர்சானா ஒற்றையர் ஆட்டத்துக்குப் பதிந்திருந்தாள். பதிவு மேசையிலிருந்தவர் சக்கரநாற்காலியைப் பார்த்துவிட்டு, இது அந்தப் போட்டி இல்லையே என்று பணிவாகச் சொன்னார். தெரியும் என்றாள்.

முதல் எதிராளி நிரஞ்சனா. பாலர்பள்ளி ஆசிரியை, முப்பதைத் தொடாதவள், செங்காங்கின் சொந்தப் பெண். மண்டபத்தில் பாதிப் பேர் அவளுக்காக வந்தவர்கள். சர்வீஸ் போட வந்தவள் நாற்காலியைப் பார்த்துத் தடுமாறினாள். மேசை நடுவில் மெதுவாக ஒரு பந்தைப் போட்டாள். அடுத்ததும் நடுவில். ஃபர்சானா இரண்டையும் அடித்து முடித்தாள். சர்வீஸ் மறுபடி நிரஞ்சனாவுக்கு வந்து, அதுவும் அப்படியே விழுந்தபோது பந்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

“தங்கச்சி, சைடுல போடு.”

“பரவால்லக்கா.”

“உனக்குப் பரவால்ல. எனக்கு அப்படியில்ல. விட்டுக்கொடுக்கிற இடத்துல என்னை வேணாம்னு அனுப்பிட்டாங்க. அதான் இங்க வந்திருக்கேன். இங்கயும் விட்டுக்கொடுத்தா நான் எங்கதான் போறது?”

மேசையோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். நிரஞ்சனா சிரிக்கவில்லை. “சரிக்கா” என்று சொல்லி, பந்தை இடது ஓரத்தில் அறுத்துப் போட்டாள். அது ஒருமுறை தட்டிப் பக்கவாட்டில் பறந்தது. ஃபர்சானா கையை நீட்டினாள், காற்றுதான் கிடைத்தது. மறுபடியும் அதே இடம். மறுபடியும். முதல் ஆட்டம் போனது.

இரண்டாவது ஆட்டத்திலும் பந்து ஓரமாக வந்தது. இந்த முறை ஃபர்சானா நாற்காலியின் பிரேக்கை முன்கூட்டியே பூட்டி வைத்திருந்தாள்; இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி எழுந்தாள். முழுதாக அல்ல, அரைவாசி. இடது கணுக்கால் மடங்கி உடம்பைத் தாங்கியது. எரிச்சல் தொடை வரை ஏறியது. மட்டை பந்துக்கு எட்டியது. பந்து எதிர்ப்பக்க மூலையில் விழுந்தது. அவள் மீண்டும் நாற்காலியில் இருந்தாள்.

“எழுந்துட்டாங்க!” என்று யாரோ சொன்னார்கள். மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவர் கையை உயர்த்தினார். அருகில் வந்து குனிந்து, உங்களால் நிற்க முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“முடியும்.”

“பிறகு ஏன் உட்கார்ந்து ஆடுகிறீர்கள்?”

“நின்றால் எரியும். எந்தப் பந்துக்கு எரியலாம் என்று நான் முடிவு செய்கிறேன்.”

நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நிற்க முடிகிறவர் உட்காரக் கூடாது என்று அதில் இல்லை. உட்கார்ந்திருப்பவர் எழக் கூடாது என்றும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு ஈசூனுக்குப் புள்ளி கொடுத்தார்.

அதன் பிறகு ஃபர்சானா பந்துகளைத் தேர்ந்தெடுத்தாள். சிலவற்றை விட்டாள். சிலவற்றுக்கு எழுந்தாள். எதற்கு எழுவாள் என்று நிரஞ்சனாவால் கணிக்க முடியவில்லை. இரண்டாவது ஆட்டம் ஃபர்சானாவுக்கு. மூன்றாவதும் அவளுக்கு. நான்காவதில் கால் ஓய்ந்தது, நிரஞ்சனா பிடித்துக்கொண்டாள். கடைசி ஆட்டத்தில் இருவரும் நெருங்கியே போனார்கள். முடிவில் நிரஞ்சனா ஜெயித்தாள். பலகையில் ஃபர்சானாவின் பெயருக்கு எதிரே தோல்வியைப் பதிந்தார்கள். எத்தனையோ நாளாக அவள் ஆடிய ஆட்டங்களில் பதிவான முதல் ஆட்டம் அது.

நிரஞ்சனா தண்ணீர் புட்டியோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கோவமில்லையேக்கா?”

“சைடுல போட்டதுக்கா? அது இல்ல. கடைசி ஆட்டத்துல ஏன் அதைப் போடல? மறுபடியும் பாவம் பாத்தியா?”

“பாவமா? நீங்க எடுக்க ஆரம்பிச்சுட்டீங்க. போட்டா பாயிண்ட் உங்களுக்குத்தான் வரும். அதான் நிறுத்திட்டேன்.”

ஃபர்சானாவின் பாதம் சிவந்து வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிக் காலைப் பையின் மேல் வைத்தாள். ஒரு குழுவில் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும் என்பதால் அவளுக்கு இன்னும் இரண்டு எதிராளிகள் இருந்தார்கள்.

“அடுத்தது யார்கூட உங்களுக்கு?” என்றாள் நிரஞ்சனா.

“மார்சிலிங் மன்றத்து ஆளாம். இடது கைக்காரி.”

“ஐயோ, அவங்க சர்வீஸ் ரொம்ப மோசம்கா. ரெண்டு பக்கமும் போடுவாங்க.”

ஒலிபெருக்கியில் அவள் பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிட்டார்கள். ஃபர்சானா செருப்பை மாட்டிக்கொண்டு, பிரேக்கைத் தளர்த்தி, மேசையை நோக்கித் தள்ளினாள்.